கான்கிரீட் ஊற்றிவிட்டால் அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது: ஸ்லாப் அஸ்திவாரம் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக்கு ஸ்லாப் அஸ்திவாரம், அதாவது மண்ணின்மேல் ஊற்றும் கான்கிரீட் பலகையே தரையாகவும் அஸ்திவாரமாகவும் இருக்கும் முறை, போட ஆள் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய கான்ட்ராக்டரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதையே செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

குடிவந்து முதல் மழைக்காலம் முடிவதற்குள், வீடு உள்பக்கமாக மடங்கும் மூலையிலிருந்து தரையில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. கூப்பிட்டுக் காட்டினால், "கான்கிரீட்னா விரிசல் விடத்தான் செய்யும் சார்" என்றார். பாதி உண்மை. காயும்போது கான்கிரீட் சுருங்கும், முடி போல மெல்லிய கீறல் வருவது சகஜம். ஆனால் எங்கள் விரிசலின் மேல் விரலை ஓட்டினால் ஒரு பக்கம் மேடாக இடறியது. அது சுருங்கியதால் வந்தது இல்லை, தரை இறங்கியதால் வந்தது.

அவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து, தரையில் வட்டமாகத் துளைத்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தோம். 100 மி.மீ. கனம் என்று பேசியிருந்தோம், வந்தது 75-தான். கம்பி வலை துண்டின் அடிவயிற்றில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பாலிதீன் ஷீட் இல்லவே இல்லை. துளைக்குள் கையை விட்டால் பொலபொலவென்ற கறுப்பு மண், அதில் புல் வேர்கள்.

அந்த மண்ணைத்தான் முதலில் வழித்து எடுத்திருக்க வேண்டும். வேரும் இலைதழையும் கலந்த மேல்மண் மக்கி அமுங்கும், எவ்வளவு நல்ல கான்கிரீட்டாக இருந்தாலும் கூடவே இறங்கும். அதை அகற்றி, நிரப்பும் மண்ணை 150 முதல் 200 மி.மீ. வரை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஈரப்பதம் பார்த்து இயந்திரத்தால் திமிசு போட்டு இறுக்கி, அதற்கு மேல் சுமார் 100 மி.மீ. ஜல்லி பரப்புவதுதான் முறை. எங்களுக்கு நடந்தது, மொத்த மண்ணையும் ஒரே தடவையில் கொட்டி, தண்ணீர் விட்டு, பொக்லைனை நாலு தடவை மேலே ஓட்டியதுதான்.

ஷீட் விஷயத்தில் செய்ததுதான் அசல் கில்லாடித்தனம். ஈரம் மேலே ஏறாமல் இருக்க, 0.25 மி.மீ. தடிமனாவது உள்ள ஷீட்டை வீடு முழுக்க விரித்து, இணைப்புகளில் 150 மி.மீ. ஏற்றி டேப் ஒட்டி, குழாய் வரும் இடங்களைச் சுற்றி அடைக்க வேண்டும். கான்கிரீட் ஊற்ற ஓரத்தில் அடித்த பலகையைப் பிரித்தபோது சுற்றிலும் கறுப்பு ஷீட் அழகாக வெளியே தெரிந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் செருகியிருந்தார்கள். நடுவீட்டில் ஒன்றுமில்லை! ஏழு மணிக்கு ஊற்றுவதாகச் சொல்லிவிட்டு விடியும் முன்பே ஆரம்பித்தது ஏன் என்பது அப்புறம்தான் விளங்கியது.

நான் போனபோது பாதி ஊற்றியாகிவிட்டது. மீதிப் பகுதியில் கம்பி வலை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கேட்டால், "ஊத்தும்போது தூக்கி விட்டுருவோம் சார்" என்றார்கள். இந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கொக்கியால் தூக்குகிறார்கள், அடுத்த நிமிடமே பூட்ஸ் காலோடு அதன்மேல் நடக்கிறார்கள், வலை மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. விரிசலைப் பிடித்து வைக்கவேண்டிய கம்பி, 100 மி.மீ. தரையில் மேல்மட்டத்திலிருந்து சுமார் 40 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கவர் பிளாக் எனும் சிறு சிமெண்ட் கட்டையோ, நாற்காலி போல வளைத்த கம்பியோ அடியில் வைத்து, ஆள் நடந்தாலும் தொய்யாத அளவுக்கு நெருக்கமாகத் தாங்க வேண்டும். வலைகள் சேரும் இடத்தில் ஒரு கட்டமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். உள்மூலைகளில் குறுக்காகத் தனிக் கம்பியும் வேண்டும். விரிசல் தொடங்கிய எங்கள் மூலையில் அது இல்லை.

அடுத்தது தண்ணீர். ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ஒருவர் டிரம்முக்குள் ஹோஸை நீட்டினார். கலவை இளகினால் தள்ளிப் பரப்புவது சுலபம், ஆட்கூலி மிச்சம். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடினாலே வலிமை தோராயமாக 5 சதவீதம் குறையும், சுருக்கமும் கூடும். லாரியோடு வரும் டெலிவரி சீட்டில் கலவையின் தரம், ஏற்றிய நேரம் எல்லாம் இருக்கும். அங்கேயே ஊற்றிய தண்ணீரையும் அதில் குறிக்கச் சொல்லி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதைக் கேட்டதுமே பாதிப்பேர் ஹோஸைச் சுருட்டிவிடுவார்கள்.

மேலே கசிந்து நின்ற நீர் வற்றும்வரை காத்திருக்காமல், அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்து முடித்தார்கள். பெருக்கப் பெருக்க இன்றும் வெள்ளைத் தூள் வருகிறது. சுருங்கும்போது விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல் கோட்டிலேயே விழுவதற்காக, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டவேண்டிய கோடுகளை, கான்கிரீட் இறுகியதும் அன்றோ மறுநாள் காலையிலோ வெட்ட வேண்டும். இவர்கள் ஒரு வாரம் கழித்து வந்து வெட்டினார்கள். தண்ணீர் கட்டுவதும் முதல் இரண்டு நாளோடு சரி, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் இருந்திருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தையிலேயே ஒரு நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்: மண் இறுக்கியதும், ஷீட் விரித்ததும், கம்பி கட்டியதும், அடியில் போகும் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்ததும், இந்த நான்கு கட்டத்திலும் உங்கள் சார்பில் ஓர் ஆள் பார்த்துப் படம் எடுத்த பிறகே அடுத்த வேலை, அடுத்த பணம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிறவரை அப்படியே வழியனுப்பிவிடலாம்.

எங்கள் கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. துளைத்தெடுத்த துண்டும் இன்ஜினியரின் அறிக்கையும் வக்கீலிடம் இருக்கின்றன. அடியில் இனி ஷீட் விரிக்க வழியில்லை என்பதால், தரையின் மேலேயே ஈரத்தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலை நடக்கிறது. இறங்கிய மூலைக்கு என்ன செய்வது என்று இன்ஜினியர் இன்னும் சொல்லவில்லை.