ஒரே மலை, மூன்று வழி: நடை, ஸ்கிராம்பிளிங், ஸ்கீ டூரிங்

மலைநடை பிடித்துப்போனவர்களுக்கு முதல் பனி விழுந்ததும் ஒரு ஏக்கம் வரும். கோடையில் ஏறிய பாதை மறைந்துவிடும், பூட்ஸ் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த ஐந்து மாதம் காத்திருப்புதான். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. நடையோடு இன்னொன்றையும் பழகிக்கொண்டால் ஆண்டு முழுக்க மலை திறந்தே இருக்கும். எதைப் பழகுவது என்பதுதான் கேள்வி. கையையும் பாறையில் வைத்து ஏறும் ஸ்கிராம்பிளிங்கா? பனியில் ஸ்கீ மாட்டிக்கொண்டு ஏறி, சறுக்கி இறங்கும் ஸ்கீ டூரிங்கா? இரண்டுக்கும் நடுவில், பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸில் மாட்டும் அகலத் தட்டான ஸ்னோஷூவும் இருக்கிறது.

ஒப்பிட ஓர் அளவுகோலாக ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து உச்சி 6 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம். சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முன்டர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. கிலோமீட்டர் ஒன்றுக்கு ஓர் அலகு, 100 மீட்டர் உயரத்துக்கு ஓர் அலகு. நம் மலைக்கு 6 + 9 = 15 அலகு. ஏறும்போது மணிக்கு 4 அலகு என்று வைத்தால் மூன்றே முக்கால் மணி நேரம். நடந்து இறங்கினால் மணிக்கு 6 அலகு, இரண்டரை மணி. ஸ்கீயில் இறங்கினால் 10 அலகு, ஒன்றரை மணி. இதில் ஓய்வு நேரம் சேராது.

ஏற்றத்துக்கு நடையிலும் ஸ்கீயிலும் ஏறக்குறைய ஒரே உழைப்பு, வித்தியாசம் இறக்கத்தில். நடப்பவருக்கு இறக்கம் என்பது முழங்கால் வாங்கும் அடி. ஸ்கீக்காரருக்கு அதற்காகத்தான் காலையில் எழுந்ததே. இந்தக் கணக்கு ஸ்கிராம்பிளிங்குக்கு மட்டும் ஒத்துவராது. அரை கிலோமீட்டர் முகடு இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். பாதை நடையின் வேகத்தை வைத்துத் திட்டமிட்டுவிட்டு இருட்டில் பாறைமேல் மாட்டிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

ஸ்கிராம்பிளிங்: செலவு குறைவு, கவனம் அதிகம்

ஏற்றத்தின் கடினத்தை எண்ணால் குறிக்கும் அமெரிக்க யோசெமிட்டி வகைப்பாட்டில் 1 என்பது பாதை நடை. 2-இல் சமநிலைக்காக அங்கங்கே கை படும். 3-இல் கை இல்லாமல் ஏற முடியாது. 4-இல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பலர் கயிறு போடுவார்கள். நடையிலிருந்து வருபவர் ஒரு கோடை முழுக்க 2-லும் எளிய 3-லும் இருந்தாலே நிறைய கற்றுக்கொள்ளலாம்.

புதிதாக வாங்க வேண்டியவை இரண்டுதான்: மலையேற்ற ஹெல்மெட், விளிம்பு விறைப்பான அப்ரோச் ஷூ. மென்மையான ஓட்டக் காலணி விரல் அகலப் படியில் மடங்கிவிடும்; பாதம் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். ஊன்றுகோலைப் பாறை தொடங்கும் முன்பே பைக்குள் போட்டுவிட வேண்டும். மணிக்கட்டில் தொங்கவிட்டால் இடுக்கில் சிக்கி ஆளையே இழுக்கும்.

பிடியைச் சோதிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். எடையைப் போடும் முன் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். கெட்டியான பாறை மந்தமாகச் சத்தம் கொடுக்கும். கழன்ற பாறை பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். சந்தேகப் பிடியை வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். இரண்டு கை இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். ஈரமான பாசியும் லைக்கனும் படிந்த பாறை வெயிலில் ஏறிய அதே பாறை அல்ல. முன்தினம் மழை பெய்திருந்தால் திட்டத்தை மாற்றுவதே சரி.

பெரிய விபத்துகளுக்கு வழிவிடுவது ஒரே ஓர் அடிதான்: இறங்க முடியாத படியில் ஏறிவிடுவது. ஏறும்போது பிடி கண்ணுக்கு முன்னால் இருக்கும். இறங்கும்போது கால் துழாவ வேண்டும். அதனால் கடினமாகத் தோன்றும் படி எதுவானாலும், மேலே போன கையோடு ஒருமுறை திரும்பி இறங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். ஓடை இடுக்குகளில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கவே கூடாது. கோடை மதியங்களில் இடி மின்னல் சேரும் மலைகளில் நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஸ்கீ டூரிங்: பெரிய மகிழ்ச்சி, பெரிய பாடம்

இதில் குதிகால் ஏறும்போது விடுபட்டும் இறங்கும்போது பூட்டியும் இருக்கும். ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற மயிர்ப்பட்டையை ஒட்டுகிறோம். அதன் மயிர் ஒரே திசையில் படுத்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். மொஹேர் (ஆட்டு மயிர்) ஸ்கின் நன்றாக வழுக்கும், எடை குறைவு. நைலானுக்குப் பிடிமானம் அதிகம், நீண்ட நாள் உழைக்கும். புதியவருக்கு இரண்டும் கலந்ததே போதும். ஸ்கீயைத் தூக்கி வைக்காமல் தரையோடு தள்ளிக்கொண்டு போகப் பழகினால் பாதி களைப்பு குறையும்.

தொல்லை தருவது இரண்டு இடங்களில். முதலாவது, வெயிலில் நனைந்த ஸ்கின் நிழலுக்குள் நுழைந்ததும் பனி கட்டியாக அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு காலும் கல் கட்டியதுபோல் கனக்கும். சுரண்டி எடுத்துவிட்டு ஸ்கின் மெழுகைத் தேய்த்தால் சரியாகும். கழற்றிய ஸ்கின்னை அடுத்த ஏற்றம் வரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பசை ஒட்டாது. அப்படியும் ஒட்டாவிட்டால் இரண்டு ரப்பர் பட்டைகளால் ஸ்கீயோடு சேர்த்துக் கட்டி வீடு வந்து சேரலாம்.

இரண்டாவது இன்னும் மோசம். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் ஊசி (pin) வகை என்றால், அதன் முன்பக்க இறக்கைகளுக்கு அடியில் பனி இறுகிவிட்டால் ஊசிகள் பூட்ஸின் குழிக்குள் முழுதாக இறங்காது. மாட்டியதுபோல் தெரியும், இறக்கத்தில் திடீரென்று கழன்றுவிடும். மாட்டும் முன் ஊன்றுகோல் முனையால் அந்தப் பனியைக் குத்தி எடுங்கள். முன்பக்கம் மாட்டியதும், குதிகாலைப் பூட்டும் முன், காலை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பனிச்சரிவு. பலகையாய்ப் பிளந்து ஓடும் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன. சறுக்க ருசியான சாய்வும் அதேதான். வரைபடத்திலேயே பாதி பார்த்துவிடலாம். 1:25,000 அளவில், 20 மீட்டர் உயரக்கோடுகளுக்கு இடைவெளி 1.4 மி.மீ.க்கும் குறைந்தால் அந்த இடம் 30 பாகையைத் தாண்டிவிட்டது. உங்கள் தடம் சமதளம் என்றாலும், மேலே அப்படி ஒரு சரிவு தொங்கினால் அதுவும் ஆபத்துதான். ஐந்து படி பனிச்சரிவு எச்சரிக்கையில் 3 என்பதை ‘நடுத்தரம்’ என்று படிக்காதீர்கள். ஒரு ஆள் எடையே சரிவை உடைக்கக்கூடிய நிலை அது.

ஆளுக்கொரு 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி), 240 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கோல்), உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடங்கள்தான் நல்ல வாய்ப்பு. உடன் வந்தவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அலைபேசியை டிரான்ஸீவருக்கு 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வையுங்கள், நெருக்கமாக இருந்தால் சிக்னல் கெடும்.

ஸ்னோஷூ எங்கே நிற்கிறது?

இருக்கும் பூட்ஸிலேயே மாட்டலாம், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். காட்டுப்பாதை, மெல்லிய ஏற்றம், குடும்பத்தோடு போவது ஆகியவற்றுக்கு ஸ்கீயைவிட இதுவே மேல். பக்கவாட்டுச் சாய்வில் மட்டும் தடுமாறும். இறக்கத்தில் நடைக்கு உள்ள அதே இரண்டரை மணி. ஸ்னோஷூக்காரர் பனிச்சரிவைக் கிளப்பமாட்டார் என்று நினைப்பது தவறு. செங்குத்துச் சாய்வுக்குள் போனால் விதி ஒன்றே, கருவிகளும் ஒன்றே.

இடைப்பருவம்

பாறையில் பனி, பனியில் ஓட்டை என்று இரண்டும் கெட்டான் மாதங்களில் நடைதான் ஜெயிக்கும், காலில் சரியானது இருந்தால். சங்கிலிப் பல் மைக்ரோஸ்பைக் இறுகிய பாதைக்கு மட்டும். நழுவினால் நிற்க முடியாத சாய்வு என்றால் பூட்ஸின் அடியில் கட்டும் 10 அல்லது 12 பல் கிராம்பானும் ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) வேண்டும், விழுந்தால் தடுக்கும் பயிற்சியும் வேண்டும். வளையும் பூட்ஸில் கிராம்பான் கழன்றுவிடும். அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் தேர்வு

முதலில் ஸ்கிராம்பிளிங். நடை தெரிந்தவர் அடுத்த வாரமே தொடங்கலாம். சாய்வைப் படிக்கும் கண்ணும், திரும்பிவிடும் துணிவும் அங்கே கிடைக்கும்; பனியிலும் அவைதான் காப்பாற்றும். முதல் குளிர்காலத்துக்கு ஸ்னோஷூவை வாடகைக்கு எடுத்து, லிஃப்ட் உள்ள சறுக்குத்தளத்தில் பத்துப் பதினைந்து நாள் ஸ்கீ பழகி, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பையும் முடியுங்கள். டூரிங் இரண்டாவது குளிர்காலத்தில். தளத்தில் பக்குவப்படுத்திய பனியிலேயே திணறுபவருக்கு, முழங்கால் ஆழ ஈரப்பனி அதே ஒன்றரை மணி இறக்கத்தை மூன்றரை ஆக்கிவிடும்.

டூரிங்கை வசந்தத்தில் தொடங்குவது நல்லது. இரவில் இறுகிய பனி, காலை வெயிலில் மேல் ஓரிரு செ.மீ. மட்டும் இளகி வெல்வெட்போல் ஆகும். வடகோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. இருட்டிலேயே கிளம்பி, இளகும் நேரத்துக்கு உச்சியில் இருங்கள். பூட்ஸ் கணுக்கால் வரை புதையத் தொடங்கினால் அந்தச் சரிவுக்கு அன்றைய நேரம் முடிந்தது.