வீவக வீடா, கொண்டோவா: சுவரில் கை வைப்பதற்கு முன்

சிங்கப்பூரில் வீடு வாங்குகிறவர்கள் விலையையும் எம்ஆர்டி ரயில் நிலையத் தூரத்தையும் ஒப்பிடுவார்கள். எதை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற பேச்சு சாவி கைக்கு வந்த பிறகுதான் வரும்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில் விதிகள் கடுமைதான். ஆனால் ஈசூன், தெம்பனிஸ் என்று எந்த வட்டாரமானாலும் ஒரே விதி. வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புதிய பிடிஓ வீட்டில், குளியலறைத் தரையிலும் சுவரிலும் பதித்த ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்க முடியாது. அடியில் உள்ள நீர்த்தடுப்புப் படலம் கிழிந்தால் ஒழுகப்போவது கீழ்வீட்டில். நிறம் பிடிக்கவில்லையா, பழையதன் மேலேயே புது ஓடு ஒட்டிக்கொள்ளலாம். சுவரை இடிக்க அனுமதி வேண்டும். பாம் ஷெல்ட்டர் என்னும் குண்டுவீச்சுக் காப்பறையின் சுவர் என்றால் தொடவே கூடாது. இடிப்பது, அதிகமாகத் துளையிடுவது எல்லாம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. சனிக்கிழமை கிடையாது.

கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடியில் கதை வேறு. அங்கே 2004ஆம் ஆண்டுக் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் ஒருபக்கம். அந்தந்தக் கொண்டோ தானே எழுதிக்கொண்ட துணைவிதிகள் மறுபக்கம். இந்த இரண்டாவதுதான் தலைவலி. சனிக்கிழமை வேலை செய்யலாமா, புதுப்பிப்பு வேலைக்கு வைப்புத்தொகை எவ்வளவு கட்ட வேண்டும், எந்த லிஃப்டில் சிமெண்டு மூட்டை ஏற்றலாம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய இடம்தானே என்று கண்ணாடி போட்டு அறையாக்கிவிட முடியாது. போடும் தடுப்பு காற்றை விட வேண்டும், நிர்வாகம் ஏற்ற வடிவத்தில் இருக்க வேண்டும். தளப் பரப்பைக் கூட்டும் எந்த மாற்றத்துக்கும் பொதுக்கூட்டத்தில் 90 விழுக்காட்டுத் தீர்மானம் தேவை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. இதில் 90ஐ எங்கே தேடுவது?

ஒன்று மட்டும் வீட்டுக்காரருக்குச் சாதகம். பிள்ளைகள் விழாமல் இருக்கக் கம்பித் தடுப்பு போடச் சட்டத்தின் துணைவிதியே இடம் தருகிறது. கட்டடத்தின் தோற்றத்தோடு ஒத்துப்போனால் போதும். நிர்வாக அலுவலகம் முகத்தைச் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். அப்படியும் மசியாவிட்டால் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் அடுக்குமாடி உரிமை வாரியத்துக்குப் போகலாம், செலவும் நேரமும் உங்களுடையது.

என்னைக் கேட்டால், அடிக்கடி உடைத்துக் கட்டும் ஆசை உள்ளவருக்கு வீவக வீடே மேல். கொண்டோதான் என்று முடிவு செய்துவிட்டீர்களா, சரி, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே துணைவிதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி பால்கனிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.