கெர்னல் நிகழ்வுகளை அழைப்பு அடுக்கால் வடிகட்டுதல்: பதிந்த பின்பா, பதியும்போதேயா?

லினக்ஸ் கெர்னலில் கேமல்லாக் (kmalloc, நினைவக ஒதுக்கீடு) நிகழ்வு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். அவற்றுள் கோப்பில் எழுதும் விஎஃப்எஸ்_ரைட் (vfs_write) ஃபங்ஷன் வழியாக வந்தவை மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, பெர்ஃப் (perf) கருவியால் எல்லா நிகழ்வுகளையும் அழைப்பு அடுக்குடன் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கு வந்தது என்ற வரிசையுடன்) பதிவுசெய்து, அந்தப் பெயர் இடம்பெறும் அடுக்குகளைப் பிறகு பிரித்தெடுப்பது. எந்த ஃபங்ஷனைத் தேடுகிறோம் என்பதே தெளிவாகாத கட்டத்தில் இதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே பதிவை வெவ்வேறு பெயர்களைக் கொண்டு திரும்பத் திரும்ப அலசலாம். ஆனால் வேண்டாத நிகழ்வுக்கும் அடுக்கைச் சேகரிக்கும் செலவு உண்டு. பஃபர் நிரம்பினால் வேண்டியவையும் தவறிப்போகும்.

இரண்டாவது, பிபிஎஃப்டிரேஸ் (bpftrace) என்ற கருவியைக் கொண்டு பதியும்போதே வடிகட்டுவது. விஎஃப்எஸ்_ரைட் தொடங்கும்போது கேபுரோப் (ஃபங்ஷனின் தொடக்கத்தில் நாம் பொருத்தும் கண்காணிப்பு) அந்த த்ரெட்டின் எண்ணை ஒரு மேப்பில் (அட்டவணையில்) குறித்துவைக்கிறது. முடியும்போது கேரெட்புரோப் (ஃபங்ஷன் திரும்பும் இடத்தில் பொருத்தும் கண்காணிப்பு) அதை அழிக்கிறது. இடையில் கேமல்லாக் நிகழ்ந்து, குறியும் இருந்தால் மட்டுமே பதிவாகிறது. அடுக்கைப் படிக்கவே வேண்டாம் என்பதால், சுமை மிகுந்த சர்வரில் இதுவே பொருத்தம். எனினும் கம்பைலர் இன்லைன் செய்துவிட்ட (அழைக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே கலந்துவிட்ட) ஃபங்ஷனுக்கு இந்த வழி உதவாது. மேலும், அந்த த்ரெட்டின் நடுவே குறுக்கிடும் இன்டரப்ட் செய்த நினைவக ஒதுக்கீடும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். முதல் வழியிலோ இன்டரப்ட் ஃபங்ஷனும் அடுக்கில் தெரிவதால் அதை எளிதில் விலக்கிவிடலாம்.

ஒர்க்கியூவுக்கு (பிறகு செய்யவேண்டிய வேலைகளின் வரிசைக்கு) தள்ளிவிடப்பட்ட வேலை வேறொரு த்ரெட்டில் புதிய அடுக்குடன் ஓடுவதால், அதில் நடக்கும் ஒதுக்கீடு இரண்டு வழிகளிலும் சிக்காது.