மகளின் ஓவியத்துக்கு அர்த்தம் சொன்ன ஸ்டூடியோ: பணம் கட்டுமுன் படியுங்கள்

கோலாலம்பூரில் பிள்ளைக்காக ஆர்ட் தெரபி, அதாவது கலைவழி மனநலச் சிகிச்சை, தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்தப் பதிவு. என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படத்தைப் பற்றிச் சொல்லலாம், தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அந்த இடத்தின் பெயரையும் போடவில்லை. நடந்தது தெரிந்தால் போதும்.

போன நவம்பரில் என் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். செந்தூலில் எங்களோடுதான் இருந்தார். மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் அவர்தான். அவள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து, வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். படம் வரைவதை மட்டும் விடவில்லை. அதனால் தோழி ஒருத்தி 'எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி' என்று ஒரு விளம்பரத்தை அனுப்பியதும், பேசாத பிள்ளைக்கு இதுதான் வழி என்று நம்பிப் போனேன்.

கடைவீட்டு இரண்டாம் மாடி. சுத்தமான அறை, நல்ல வெளிச்சம், சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். என்னிடம் கேட்ட ஒரே கேள்வி எந்தக் கிழமை வசதி என்பதுதான். வீட்டில் யார் இறந்தார், பிள்ளை தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, வேறு மருத்துவரைப் பார்த்தோமா, எதுவும் கேட்கவில்லை. பத்து வகுப்புக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்), முழுப் பணமும் முன்கூட்டியே. இரண்டு பக்கப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

ஒரே அறையில் நான்கு பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வரைவார்கள். முடிந்ததும் வகுப்பு நடத்துபவர் அம்மாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, படத்துக்கு அர்த்தம் சொல்வார். இரண்டாவது வாரம் வீட்டுக்கு ஜன்னல் வரையவில்லை, ஆகவே மனசை மூடிக்கொண்டாள் என்றார். மூன்றாவது வாரம் அவள் தாள் முழுக்கக் கருப்பு அடித்திருந்தாள். நடுவில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு வெள்ளைக் கோடு. "அம்மா மேல அடக்கி வச்ச கோபம் இது. வெள்ளைக் கோடு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்த விரிசல்" என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

அன்று காரை எடுக்கவே முடியவில்லை, அழுதேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளைத் திட்டினேனா, கடைசியாக முகத்தைப் பார்க்க விடாமல் தடுத்தேனா என்று இரண்டு வாரம் யோசித்தபடியே இருந்தேன். அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் குற்றம் செய்தவள்போலப் பார்த்தாள். தன் கோபம் அம்மாவை அழவைத்தது என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான்காவது வகுப்புக்குப் பிறகு அந்தப் படம் அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது. "10 வயதுச் சிறுமியின் அடக்கப்பட்ட கோபம், மூன்றே வகுப்பில் வெளியே வந்தது" என்று தலைப்பு. பெயர் போடவில்லை. ஆனால் படத்தின் மூலையில் அவள் எப்போதும் போடும் சின்னக் கையெழுத்து இருந்தது. வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதைப் பகிர்ந்து, இது உங்கள் பிள்ளை வரைந்ததுதானே என்று கேட்டார். மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கலர் பென்சில் பெட்டியை மூடி அலமாரிக்கு மேலே வைத்தவள்தான். பேச்சு ஏற்கெனவே போயிருந்தது. இப்போது வரைவதும் போனது.

போய்க் கேட்டேன். "பேர் போடலையே அக்கா, படிவத்துல சம்மதம் குடுத்திருக்கீங்க" என்றார். ஆமாம், இரண்டாம் பக்கத்தில் கீழே இருந்தது. மீதி ஆறு வகுப்புப் பணத்தைக் கேட்டால், தொகுப்புக் கட்டணம் திருப்பித் தரமாட்டோம் என்றார். நீங்கள் பதிவு பெற்ற கவுன்சலரா என்று கேட்டதற்கு, "நான் தெரபிஸ்ட், அதுக்கு லைசன்ஸ் தேவையில்ல" என்றார். சுவரில் இருந்த சான்றிதழ்களை அன்றுதான் நின்று படித்தேன். எல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் பட்டறைகள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில், அதாவது சட்டம் 774இல், 23 தொழில்கள் பட்டியலில் இருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லாம் அதில் உண்டு. ஆர்ட் தெரபிஸ்ட் இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. கவுன்சலர் அப்படியில்லை. 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டம், சட்டம் 580, அவர்களுக்கென்றே இருக்கிறது. லெம்பாகா கவுன்சலோர் என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிவு எண்ணும், தொழில் நடத்துவதற்கான தனிச் சான்றிதழும் இருக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள். உள்ளவர்கள் கோபப்பட மாட்டார்கள், சொல்லிவிடுவார்கள்.

ஓவிய வகுப்பு நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது நல்லது. வகுப்பை வகுப்பு என்று சொல்லி நடத்தட்டும்.

அப்புறம்தான் இந்தத் துறை உண்மையில் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி ஒரே கலையை வைத்துக்கொண்டு செய்வதில்லை. வரைதல், அசைவு, ஓசை, களிமண், கதை, நாடகம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதுதான் அதன் வழி. 1974இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள லெஸ்லி கல்லூரியில் ஷான் மெக்னிஃப் இதற்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். பாவ்லோ க்னில் அங்கே இதை வளர்த்தவர்களில் ஒருவர். புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மகள் நட்டாலி ரோஜர்ஸும் இந்தத் துறைக்குப் பெரிய பங்களித்தவர். அவர் வழியில் படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவருக்குத்தான், தெரபிஸ்ட் அதை ஊகித்து அறிவிப்பதில்லை. படம் அழகாக வந்ததா என்பதும் பொருட்டல்ல. 1994இல் தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் ஒன்றும் இருக்கிறது. அதில் தெரபிஸ்டாகப் பதிவாக முதுகலைப் படிப்பும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் வேண்டும். கருப்பு என்றால் கோபம், சிவப்பு என்றால் இன்னது என்று அகராதி வைத்துக்கொண்டு சொல்வது கைரேகை பார்ப்பதற்குச் சமம்.

சரி, பிறகு தகுந்த ஆளை எப்படிக் கண்டுபிடித்தேன்? கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளி கட்டணம்தான். டாக்டர் மகளைத் தனியாகவும் பார்த்தார். கலைவழியில் பயிற்சி பெற்ற ஒரு பதிவு பெற்ற கவுன்சலரிடம் போகச் சொன்னார். முதல் நாள் அந்த அம்மா என்னிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். அப்பாவைப் பற்றி, அவர் இறந்த நாளைப் பற்றி, பிள்ளையின் தூக்கம் பற்றி. தன் பதிவு எண்ணைத் தானே எடுத்துக் காட்டினார். தனக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார் என்றார். படங்கள் கோப்பில் பூட்டி இருக்கும், எங்கேயும் போகாது, என்னிடம் காட்டுவதற்கும் மகளிடம் கேட்பேன் என்றார். ஒவ்வொரு தடவைக்கும் அன்றன்றே பணம்.

முதல் மூன்று வாரம் மகள் பென்சிலைத் தொடவில்லை. அவரும் தொடச் சொல்லவில்லை. களிமண் உருட்டினார்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது வாரம் அவளே அந்தக் கருப்புப் படத்தை மறுபடி வரைந்தாளாம். இது என்னவென்று சொல் என்று அவர் கேட்கவில்லை. இந்தப் படத்துக்குள் நடக்க முடிந்தால் எப்படி நடப்பாய் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் எழுந்து, அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, கையை ஒரு பக்கம் நீட்டி யாரையோ பிடித்தபடி நடந்திருக்கிறாள். அதன் பிறகு இரண்டு வரி எழுதினாள். எனக்குக் காட்டலாம் என்று அவள் சொன்னதால் நானும் படித்தேன்.

"தாத்தா போட்ட ரோடு. தாத்தா இல்லாமல் ரோடு மட்டும் இருக்கு."

என் அப்பா ஜேகேஆரில், அதாவது பொதுப்பணித் துறையில், முப்பது வருடம் தார் ரோடு போட்டவர். பள்ளிக்குப் போகும் வழியில், இது நான் போட்டது, இது நான் போட்டது என்று அவளிடம் காட்டிக்கொண்டே போவாராம். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த வெள்ளைக் கோடு ரோட்டுக் கோடுதான். அதை எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த விரிசல் என்று சொன்னார்கள்.

பணம் விஷயம்: வாங்கிய சேவையில் குறை இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நீங்களே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி ஐந்து வெள்ளி கட்டினால் போதும். 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்ததால் எனக்கு எளிதாக இருந்தது. விசாரணைக்கு முன்பே அவர்கள் கூப்பிட்டு மீதி 1,080 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்து படத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதற்குள் அது பல பெற்றோர் குழுக்களுக்குப் போய்விட்டது. இதைப் படிக்கும் யாருடைய கைபேசியிலாவது கருப்புத் தாளில் விட்டு விட்டு வெள்ளைக் கோடு போட்ட அந்தப் படம், அந்தத் தலைப்போடு இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.