சுங்கை சிப்புட்டில் வைரத் தோடு வாங்கிய அனுபவம்

தங்கை மகளுக்குக் கல்யாணம். மெல்பர்னிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து இறங்கியதும் ஏழு கல் வைரத் தோடு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் 916 தங்கம் வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. தங்கத்திற்கு எடையும் முத்திரையும் போதும். வைரத்திற்கு அது போதாது.

முதலில் போன பெரிய கடையில் உபசரிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் நிறத் தரம் என்னவென்று கேட்டால் "எல்லாம் முதல் தரம், அக்கா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ்கூட இல்லை. லென்ஸ் இல்லாத கடையில் வைரம் வாங்கவே கூடாது.

கடைத்தெருக் கோடியில் பட்டறையோடு கடை நடத்தும் ஒரு பெரியவரிடம் கிடைத்த சேவையே வேறு. பதிக்காத கற்களை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தார். வைரத்தின் நிறம் டி முதல் இசட் வரை. எழுத்து இறங்க இறங்க மஞ்சள் கூடும். நிமிர்ந்திருக்கும் கல்லின் மினுமினுப்பில் அது தெரியாது, கவிழ்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு கற்களைக் கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கே கொண்டுவந்து, "வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பாருங்கள், அம்மா" என்றார். நம்மவர்கள் ஆசைப்படும் புளூ ஜாகர் என்னும் வகை வைரம், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நீலம் வீசும். அந்த நீலம் லேசான மஞ்சளை மறைத்துவிடும். நிழலுக்கு வந்தால்தான் உண்மை நிறம்.

லென்ஸில் பார்த்தபோது ஒரு கல்லின் விளிம்பில் இறகு போன்ற மெல்லிய விரிசல். நடுவில் சிறு புள்ளி இருந்தால் குற்றமில்லை, விளிம்பு விரிசல் பதிக்கும்போது பெரிதாகலாம் என்று சொல்லி அவரே அதை ஒதுக்கினார். ஆனாலும் நான் அதிகம் பார்த்தது பட்டைகளைத்தான். பட்டை தீட்டிய கோணம் தவறினால், எவ்வளவு மாசற்ற கல்லாக இருந்தாலும் ஒளி மேலே திரும்பாமல் அடிவழியே போய்விடும். ஏழில் ஒன்று மங்கினாலும் தோடே சோபை இழக்கும்.

விலையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு காரட் 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஏழு கற்கள் சேர்ந்து 70 சென்ட் என்றால், அதற்கு ஒற்றை 70 சென்ட் கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது. பெரிய கல் அரிது என்பதால் காரட் விலையே அதற்கு அதிகம்.

இவ்வளவு சிறிய கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் பெரும்பாலும் வராது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் வைரமே என்பதால், கடைகளில் வைத்திருக்கும் வெப்பச் சோதனைக் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே ரசீதுதான் நமக்குப் பிடி. இயற்கை வைரம், நிறம், தெளிவு, கல் எடை, தங்க எடை என எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். தயங்காமல் எழுதினார். திரும்ப விற்க வந்தால் எவ்வளவு கழிப்பார் என்பதையும் கேட்காமலே கீழே சேர்த்தார்.