கோயில் மாடு ஏன் சிறப்பு? கான்ஜியை மனதில் நிறுத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் தமிழருக்கு முதல் இரண்டு மாதம் குஷியாகவே போகும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. நம் வீட்டு இலக்கணம் போலவே இருக்கிறது. ஒலியை எழுதும் ஹிராகானாவும் கத்தகானாவும் தலைக்கு 46 அடிப்படை எழுத்துகள்தான். நம் 247-ஐப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா? அப்புறம், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளான கான்ஜி வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜப்பான் அரசின் ஜோயோ பட்டியலில் மட்டும், 2010 திருத்தத்தின்படி, 2136 எழுத்துகள். பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இதை மனதில் ஏற்றச் சொல்லப்படும் வழிகளைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரு குடும்பத்தை எடுத்து எல்லா வழிகளையும் அதன்மேல் சோதித்துப் பார்க்கலாம். கோயில் குடும்பம். மேலே 'மண்', கீழே 'அங்குலம்' மாதிரி ஒரு சிற்றளவைக் குறிக்கும் வடிவம், இரண்டும் சேர்ந்தால் பௌத்தக் கோயில். அதன் இடப்பக்கம் சூரியனை வைத்தால் நேரம். கையை வைத்தால் 'பிடி, வைத்திரு'. நடையைக் குறிக்கும் மூன்று கோடுகளை வைத்தால் 'காத்திரு'. ஆளை வைத்தால் சாமுராய். சொல்லை வைத்தால் கவிதை. மாட்டை வைத்தால் சிறப்பு.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. காத்திருப்பதற்கும் சாமுராய்க்கும் இடையே ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். கையும் மாடும் இடப்பக்கம் ஒடுங்கி நிற்கும்போது, அவசரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

முதலில் ஜப்பானியப் பள்ளிக்கூட வழி. கட்டம் போட்ட நோட்டில், கோட்டு வரிசை தவறாமல், கை வலிக்க எழுது. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026 எழுத்துகள். நம் குடும்பத்தில் கோயிலும் நேரமும் இரண்டாம் வகுப்பில், பிடியும் காத்திருப்பும் கவிதையும் மூன்றாம் வகுப்பில், சிறப்பு நான்காம் வகுப்பில். ஜப்பானியர்கள் ஓர் எழுத்து மறந்துபோனால் விரலால் காற்றிலோ உள்ளங்கையிலோ எழுதிப் பார்ப்பார்கள். அந்த வழக்கத்துக்கு 'கூஷோ' என்று பெயரே இருக்கிறது. அதாவது, நினைவு கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைக்கு 'மாத்சு' என்றால் காத்திருப்பது என்று மூன்று வயதிலேயே தெரியும். தெரிந்த சொல்லின் தலையில் எழுத்தை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். நமக்குச் சொல்லும் புதிது, எழுத்தும் புதிது. வேலைக்குப் போகிறவர் முப்பது வயதில் இந்த வழியை நகலெடுத்தால் நோட்டு நிறையும், தலை நிறையாது. நான் நிரப்பிய நோட்டுகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர்முனை ஜேம்ஸ் ஹைசிக்கின் வழி. 1977-இல் வந்த அவருடைய 'ரிமெம்பரிங் த கான்ஜி' ஒரே ஒரு பிடிவாதத்தில் நிற்கிறது: முதல் பாகத்தில் உச்சரிப்பே கிடையாது. எழுத்தைத் துண்டுகளாக உடை, துண்டுக்கு ஒரு பெயர் வை, பெயர்களைக் கோத்து ஒரு கதை கட்டு, கதையின் முடிவில் ஓர் ஆங்கிலச் சொல். கோயிலின் கீழ்ப்பாதிக்கு அவர் வைத்த பெயர் 'பசை'. ஏன் பசை? காரணமெல்லாம் இல்லை, மனதில் ஒட்டினால் சரி.

உருவக் குழப்பத்துக்கு இதைப்போல மருந்து கிடையாது. கதையில் மாடு வந்தால் மாடுதான், கை வராது. சங்கடம் வேறு இடத்தில். துண்டுகளை வைத்து வரிசை போடுவதால் முதல் சில பத்து எழுத்துகளுக்குள்ளேயே 'பித்தப்பை' வந்துவிடுகிறது. 'சாப்பிடு' வர ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். மாதக்கணக்கில் உழைத்த பிறகும் ஒரு ஜப்பானிய வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க முடியாது. பொறுமைசாலிகளுக்கு இது சரி. நான் அந்த ரகமில்லை.

2012-இல் வந்த வனிகானி என்ற இணையதளம் இந்தக் குறையைத்தான் பிடித்துக்கொண்டது. 60 நிலைகள், சுமார் 2000 கான்ஜி, 6000 சொற்கள். பொருளுக்கு ஒரு கதை, உச்சரிப்புக்கும் ஒரு கதை. அதோடு, மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேள்வி கேட்கும்: 4 மணி நேரம், 8 மணி நேரம், ஒரு நாள் என்று நீண்டு கடைசியில் நான்கு மாதம் வரை. முதல் மூன்று நிலைகள் இலவசம், பிறகு சந்தா. (2006-இல் வந்த அன்கி என்ற நினைவட்டைச் செயலியும் இதே இடைவெளிக் கணக்கில் ஓடுவதுதான், கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஆனால் கதை நீங்கள் போட வேண்டும்.) ஒழுங்கு வேண்டும், தானாக வராது என்பவர்களுக்கு வனிகானி நல்ல வாத்தியார். ஆனால் கதைகளெல்லாம் ஆங்கிலச் சிலேடைகள், அமெரிக்க நையாண்டி. சிரிப்பு வருவதற்குள் எழுத்து போய்விடும்.

தமிழில் யோசித்தால் அதே குடும்பம் எப்படி இருக்கிறது பாருங்கள். கோயிலில் சூரியன்: உச்சிக்கால பூஜை, அதுதான் நேரம். கோயிலில் கை: அர்ச்சனைத் தட்டைப் பிடித்திருக்கிறோம். கால்கடுக்க நடந்துவந்தவர் வரிசையில் காத்திருக்கிறார். ஓதுவாரின் சொல் கவிதை. வாசலில் நிற்கும் ஆள் காவலுக்கு நிற்கும் சாமுராய். மாடு? கோயில் மாட்டை யார் அடிப்பார்கள்? அதற்குத் தனிச் சிறப்பு. ஒரே காட்சியில் ஆறு எழுத்து, ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. கோயிலின் ஜப்பானியச் சொல் 'தெரா'. தேர் நிற்பது அங்கேதானே.

ஒலிக்கும் தமிழ் தாராளமாகக் கைகொடுக்கும். வாய் என்பது 'குச்சி', வேப்பங்குச்சி வாயில் இருக்கிறது. பாதம் 'அஷி', காலில் விழுந்தால் ஆசி. மாடு 'உஷி', கால்நடை டாக்டரின் ஊசி. கவனமும் வேண்டும்: 'அனி' என்றால் அண்ணன், அண்ணி என்று மனதில் போட்டால் குடும்பத்தில் குழப்பம்.

கதை பிறகு சுமையாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: மேசகல்யாணி என்ற பெயரில் 'மே'யும் 'ச'வும், எழுத்தை எண்ணாக மாற்றும் கடபயாதிக் கணக்கில், 65 என்ற மேளகர்த்தா (தாய் ராக) எண்ணைச் சொல்கின்றன. கல்யாணி பாடுகிறவர் ஆலாபனையின் நடுவில் 65-ஐ நினைத்துக்கொண்டா பாடுகிறார்?

ஆனால் 'குச்சி' வகைத் தந்திரம் நாட்டுச் சொற்களான குன்யோமியோடு நின்றுவிடும். சீனத்திலிருந்து வந்த ஓன்யோமி ஒலிகளில் கோ, ஷோ, செய் என்று ஒரே ஓசைக்குப் பத்து இருபது எழுத்துகள். அங்கே எந்தக் கதையும் திணறும். அந்த இடத்துக்கு இன்னொரு வழி, எழுத்தின் உண்மையான பிறப்பைப் பார்ப்பது. கான்ஜியில் மிகப் பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் சொல்பவை. நம் குடும்பத்தில் கோயில் பூஜைக்காக வரவில்லை, ஒலிக்காக வந்து நிற்கிறது. கோயில், நேரம், பிடி, சாமுராய் நான்குக்கும் ஓன்யோமி 'ஜி'. கவிதை 'ஷி', பக்கத்து வீடு. காத்திருப்பு 'தாய்', சிறப்பு 'தோக்கு', இவை வழிதவறியவை. வேறு குடும்பங்கள் இன்னும் ஒழுங்கு: செம்பு, உடற்பகுதி, குகை மூன்றிலும் ஒரே உறுப்பு, மூன்றும் 'தோ'.

பிறப்பைத் தோண்டினால் சுவையும் உண்டு. கோயில் எழுத்து பழைய சீனத்தில் அரசு அலுவலகத்தைக் குறித்தது. பௌத்தம் வந்த பிறகுதான் கோயிலானது. சிறப்பின் முதல் பொருள் காளை. ஆனால் இதையே முழு வழியாக வைத்தால் சிக்கல், ஏனென்றால் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. வாய் என்று எல்லோரும் சொல்லும் சதுரத்தை, பல எழுத்துகளில் அது வேண்டுதல் ஓலை வைக்கும் பாத்திரம் என்றார் ஷிராகாவா ஷிசுகா. சுவாரசியம்தான், தேர்வுக்கு உதவாது.

தேர்வு என்றதும் ஒன்று. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் கையால் எழுதச் சொல்வதில்லை, எல்லாம் தெரிவுசெய்யும் கேள்விகள். அதற்காக மட்டும் படிப்பவர் கட்ட நோட்டை மறந்துவிடலாம். கான்ஜித் திறன் தேர்வான கான்கென் எழுதப்போகிறவருக்கு அந்த நோட்டுதான் கதி.

என் கலவை இது: உருவத்துக்குச் சொந்தத் தமிழ்க் கதை, ஓன்யோமிக்கு ஒலிக்குடும்பம், மறதிக்கு அன்கி. ஹைசிக்கிடமிருந்து துண்டு போடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவருடைய வரிசையை இல்லை.

இத்தனைக்கும் பிறகும் காத்திருக்கும் 'மாத்சு'வும் பிடித்திருக்கும் 'மோத்சு'வும் எனக்கு நெடுநாள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. எந்தக் கதையும் பிடிக்கவில்லை. கடைசியில் தீர்த்தது ஜப்பானியக் கடைப் பேச்சு. கொஞ்சம் காத்திருங்கள் என்பதற்கு 'ஷோஷோ ஒமாச்சி குதசாய்'. பாயிண்ட் கார்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும்போது 'ஒமோச்சி தெஸ் கா'. மாச்சி என்றால் நில், மோச்சி என்றால் பையைத் துழாவு.