பதினோரு வருட ராத்திரிப் பேட்டிகளும் இரண்டாவது கேள்வியும்

போன வாரம் கடையில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ராத்திரி பூரா ஒரு காதுல மாட்டிக்கிட்டு என்னமோ கேக்குறீங்களே, நானும் கேக்கணும். எதுல ஆரம்பிக்கலாம்?" அப்போது பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நான் இருப்பது 24 மணி நேர மருந்துக் கடையில், இரவு ஷிப்டில். பதினோரு வருடம் ஆகிறது. இடது காதில் மட்டும்தான் மாட்டுவேன், வலது காது வாசலுக்கு. ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஆள் வருவது குறைவு. அந்த நேரத்துக்குப் பாட்டு சரிப்படாது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். செய்தி போட்டால் கோபம்தான் மிஞ்சும். மூன்று மணி நேரம் ஓடும் ஒரு பேட்டி சரியாகப் பொருந்தியது. பேய், பறக்கும் தட்டு, மரணத்துக்குப் பிறகு என்ன, மனம் என்றால் என்ன, போர் யாருக்காக... பகலில் யாரும் உட்கார்ந்து பேசாத விஷயங்களையெல்லாம் எங்கோ இரண்டு பேர் எனக்காகவே பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

என் தொடக்கம் ஆர்ட் பெல். கோஸ்ட் டு கோஸ்ட் ஏஎம் என்ற வானொலி நிகழ்ச்சியை லாஸ் வேகஸுக்கு மேற்கே பாரம்ப் என்ற பாலைவன ஊரில், தன் வீட்டிலிருந்தே நடத்தியவர். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கும். ராக்கி மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஒரு எண், மேற்கே இருப்பவர்களுக்கு ஒரு எண், முதல் தடவை கூப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அழைப்பவர் யார், என்ன பேசப்போகிறார் என்று முன்கூட்டி வடிகட்ட மாட்டார். வந்த அழைப்பை அப்படியே எடுப்பார். லாரி ஓட்டுநர், காவலாளி, தூக்கம் வராத கிழவி, யார் வேண்டுமானாலும் வரலாம். 2018 ஏப்ரலில் இறந்துபோனார். நான் கேட்பதெல்லாம் பழைய பதிவுகள்.

அவரிடம் எனக்குப் பிடித்தது குரல் என்று பலர் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவர் பேசாமல் இருப்பது. கூப்பிட்டவரின் குரல் நடுங்கத் தொடங்கினால் பெல் இடையில் நுழைய மாட்டார். கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்கும். இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு அந்த ஆளே தொடர்வார், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்வார். 1997 செப்டம்பரில், ஏரியா 51 என்ற அமெரிக்க ராணுவத்தின் ரகசியத் தளத்தில் வேலை பார்த்ததாகச் சொல்லி ஒருவர் அழுதுகொண்டே பேசும்போது ஒலிபரப்பே அறுந்துபோன அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள். அடுத்த வருடம் ஒருவர் கூப்பிட்டு, "அது நான்தான், நடித்தேன்" என்றார். அது தெரிந்த பிறகும் அந்த அழுகையைக் கேட்கும்போது கடைக்கு வெளியே இருட்டில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

நீளம்தான் இந்த வகையின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் முக்கால் மணி நேரம் விருந்தினர் நூறு இடத்தில் சொன்னதையே இங்கேயும் சொல்வார். அதே உதாரணம், அதே சிரிப்பு. பிறகு சரக்கு தீர்ந்துவிடும். அப்போதுதான் மனிதர் யோசிக்கத் தொடங்குவார், வாக்கியம் பாதியில் நிற்கும், "இல்லை, அதை வேறு மாதிரி சொல்கிறேன்" என்பார். பத்து நிமிடப் பேட்டியில் இது நடக்கவே நடக்காது.

ஆனால் சரக்கு தீர்வதற்கு எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வியை யாரும் கேட்டுவிடலாம், காகிதத்தில் எழுதி வைத்திருப்பார்கள். வந்த பதிலைக் காதில் வாங்கி, அந்தப் பதிலிலிருந்தே எடுத்துக் கேட்பதைத்தான் இரண்டாவது கேள்வி என்கிறேன். பதினோரு வருடத்தில் என்னை வாட்டியது அது வராமல் போவதுதான். ஒலித்தரம் மோசமாக இருந்தது, விளம்பரம் குறுக்கே வந்தது, எதுவும் எனக்குப் பெரிதில்லை. ஒருவர் "நான் இறந்து திரும்பி வந்தேன்" என்கிறார். எதிரில் இருப்பவர், "சரி, உங்கள் அடுத்த புத்தகம் பற்றி..." என்று போய்விடுகிறார். அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பெரியவர்களிடமும் இது நடந்திருக்கிறது. 1959இல் பிபிசிக்காக ஜான் ஃப்ரீமன், சூரிச் ஏரிக் கரையில் இருந்த வீட்டுக்கே போய் உளவியல் மேதை கார்ல் யுங்கைப் பேட்டி எடுத்தார். (இந்த ஃப்ரீமன் பின்னாளில் டெல்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்தவர்.) கடவுளை இப்போது நம்புகிறீர்களா என்று கேட்கிறார். கிழவர் கொஞ்சம் நிறுத்தி, பதில் சொல்வது கடினம் என்கிறார். பிறகு, எனக்குத் தெரியும், நம்ப வேண்டிய தேவை இல்லை, தெரியும் என்கிறார். உலகமே காத்திருக்கும் இடம் அது. என்ன தெரியும், எப்படித் தெரியும்? ஃப்ரீமன் அதைக் கேட்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யுங்குக்குக் கடிதங்கள் குவிந்தன. 1960 ஜனவரியில் தி லிஸனர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தான் சொன்னதன் பொருளை அவரே விளக்க வேண்டியதாயிற்று. எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர் கேட்டிருந்தால் அந்த விளக்கம் அவருடைய குரலிலேயே நமக்குக் கிடைத்திருக்கும். அந்தக் காட்சியை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட மாட்டாரா என்றுதான் இருக்கும்.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் பிரையன் மெகீ. 1978இல் பிபிசி தொலைக்காட்சியில் தத்துவவாதிகளோடு 15 நிகழ்ச்சிகள் செய்தார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். தத்துவம் படித்தவர், அதனால் பதிலின் எடை தெரியும். ஒரு நிகழ்ச்சியில் விருந்தினர் ஏ.ஜே. அயர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. தர்க்கத்தாலோ அனுபவத்தாலோ சரிபார்க்க முடியாத கூற்றுக்குப் பொருளே இல்லை என்ற தர்க்க நேர்க்காட்சிவாதத்தை, 1936இல், தன் 25ஆவது வயதில் வெளியிட்ட ஒரே நூலால் ஆங்கில உலகமெங்கும் பரப்பியவர். மெகீ அந்தக் கொள்கையைப் பொறுமையாக விளக்க வைக்கிறார், அதன் நல்லதையெல்லாம் சொல்ல வைக்கிறார், அப்புறம் கேட்கிறார்: இப்போது திரும்பிப் பார்க்கையில் அதன் முக்கியக் குறைகள் என்னவென்று நினைக்கிறீர்கள்? அயர் சொல்கிறார்: பெரிய குறை என்றால், அதில் ஏறக்குறைய எல்லாமே தவறு என்பதுதான்.

முதல் தடவை அதைக் கேட்டது ஒரு மழை ராத்திரி. ஒருவர் குழந்தையின் காய்ச்சலுக்கு சிரப் வாங்க நின்றிருந்தார். அவருக்கு அளவு சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் தள்ளி மூன்று தடவை கேட்டேன். வாழ்நாளெல்லாம் தன் பெயரோடு ஒட்டியிருந்த ஒன்றை ஒரு மனிதர் நாலு பேர் பார்க்க, சிரித்துக்கொண்டே கீழே வைக்கிறார். அதைச் செய்ய வைத்தது ஒரு கேள்வி. பதினோரு வருடத்தில் இந்தப் பழக்கம் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

அரசியலுக்கு வில்லியம் பக்லி, அமெரிக்க வலதுசாரி எழுத்தாளர். 1966 முதல் 1999 வரை ஃபயரிங் லைன் என்ற தொலைக்காட்சி விவாதம், 1,500 நிகழ்ச்சிகளுக்கு மேல். 1969இல், போரை எதிர்த்த மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியோடு வியட்நாம் போர் பற்றிப் பேசியதை அவசியம் பார்க்கலாம். ஆனால் பக்லியிடம் எனக்கு எதிர்ப்பக்கத்துக் குறை. அவருடைய இரண்டாவது கேள்வி, முதல் பதில் முடிவதற்குள்ளேயே வந்துவிடும். பாட்காஸ்ட் நடத்தும் ஜோ ரோகன் 2024 அக்டோபரில் டிரம்ப்போடு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசியதையும் முழுக்கக் கேட்டேன். செவ்வாயில் உயிர் இருக்கலாம் என்று டிரம்ப் சொன்னதும், அங்கே ஆய்வு வண்டிகள் போயிருக்கின்றன, உயிர் இருப்பதாக நான் நினைக்கவில்லை என்று ரோகன் உடனே மறுக்கிறார். நல்ல மறுகேள்வி, பாராட்டுகிறேன். பூமியில் நடக்கும் பல விஷயங்களுக்கு அந்தப் பேட்டியில் அது கிடைக்கவில்லை என்ற வருத்தமும் எனக்கு இருக்கிறது.

ஜெஃப்ரி மிஷ்லவ் வேறு ரகம். 1980இல் பெர்க்லியில் பாராசைக்காலஜியிலேயே, அதாவது டெலிபதி, மறுபிறவி மாதிரி விஷயங்களை ஆராயும் துறையிலேயே, முனைவர் பட்டம் வாங்கியவர். 1986இலிருந்து 2002 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தார், 2015இலிருந்து யூடியூபில். நிதானம், மரியாதை, விருந்தினரின் நூலைப் படித்துவிட்டு வந்து உட்காருவது, எல்லாவற்றிலும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். விருந்தினரை மடக்க மாட்டார். அதனால் கூச்சப்படுகிறவர்களும் இவரிடம் மனம் திறக்கிறார்கள். இவரைக் கேட்டு முடித்தால் எனக்கு மனம் லேசாகும். கையில் சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது ஆர்ட் பெல்லின் கஷ்டமான பக்கத்துக்கு வருகிறேன். 1996 நவம்பரில் ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் பெரிய பொருள் ஒன்று வருகிறது, படம் எடுத்துவிட்டேன் என்று ஒரு வானியல் ஆர்வலர் அவருடைய நிகழ்ச்சியில் சொன்னார். அது சாதாரண நட்சத்திரம் என்று வானியலாளர்கள் விளக்கினார்கள். பிறகு 1997 ஜனவரியில் அதற்கு ஆதாரமாக வெளிவந்த இன்னொரு படம், தாங்கள் எடுத்ததைத் திருத்திச் செய்தது என்று ஹவாய் பல்கலைக்கழக வானியலாளர்கள் காட்டினார்கள். மார்ச் மாதம் சான் டியேகோ அருகே ஹெவன்ஸ் கேட் என்ற மதக் குழுவைச் சேர்ந்த 39 பேர் தாங்களாகவே உயிரை விட்டார்கள். அந்த வால்நட்சத்திரத்தோடு வரும் கலத்தில் ஏறப் போகிறோம் என்று நம்பியிருந்தார்கள்.

பழியை பெல் மேல் போட முடியாது. அந்தக் குழு 1970களிலிருந்தே இருந்தது. துணைப்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்களுக்கு ஒன்றுதான் என்று அவர்களே தங்கள் இணையதளத்தில் எழுதியிருந்தார்கள். இதையெல்லாம் படித்து, பல வருடம் அவருக்காக நான் வாதாடியிருக்கிறேன். கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், நடத்துபவர் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பதுதான் என் கட்சி.

அந்தக் கட்சியில் இப்போது எனக்கு நிற்க முடியவில்லை. காரணம் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, ஒழுங்காக மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தவர். ராத்திரியில் பேட்டி கேட்கும் பழக்கத்தை அவருக்குக் கொடுத்ததே நான்தான். அவர் தமிழில் கேட்பார். சித்தர்கள், முற்பிறவி, கோயில்களின் ரகசியம் என்று தொடங்கி, இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரு யூடியூப் பேட்டி. எது என்று சொல்ல வேண்டாம். கடைசி அரை மணியில் விருந்தினர் சர்க்கரை ஒரு நோயே இல்லை, மாத்திரைதான் நோய் என்கிறார். நான் கையில் பேனாவோடு உட்கார்ந்து அந்தப் பேட்டியை முழுக்கக் கேட்டேன். அந்த அரை மணியில் பேட்டி எடுத்தவர் "அருமைங்க ஐயா" என்று நாலு தடவை சொல்கிறார். எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள், முன்னால் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு வந்தது, யாருக்காவது தப்பாகப் போனதா? ஒன்றும் இல்லை. நான் குறித்துக்கொள்ள ஒரு வரி கூட வரவில்லை.

அத்தான் மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் ஆனது எங்கள் யாருக்கும் தெரியாது. மாதாமாதம் நான் கொண்டுபோய்க் கொடுத்த அட்டைகள் பூஜை அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் பிரிக்காமல் இருந்தன. செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்தபோதுதான் அக்கா கூப்பிட்டாள். வெறும் வயிற்றில் 318. "நீயும்தான மாப்ள ராத்திரி பூரா கேக்குற, மூணு மணி நேரம் பேசுறவன் பொய்யா சொல்லுவான்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நீளமாகப் பேசினால் உண்மை வரும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

தம்பி, உனக்கு என் பதில் இது. மேலே சொன்னதெல்லாம் நல்ல விஷயங்கள், ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை. மெகீயின் நிகழ்ச்சிகள் யூடியூபில் சும்மாவே கிடைக்கின்றன, பெல்லின் பழைய ராத்திரிகளும் தேடினால் கிடைக்கும். ஆனால் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டால், இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அத்தானுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். பஞ்சும் மருந்தும் எங்கள் கடையிலிருந்து நானே எடுத்துப் போகிறேன். அந்தக் கால் ஆறும் வரை யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.